‘அப்படியே அப்பன் மூக்கு’ என்றார்களே, அது பொய்யா?

கேள்வி: என் வயது 31. சேலம் பக்கம் சொந்த ஊர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். திருமணமாகி, நாலரை வயதில் ஒரு பையன் இருக்கிறான். எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை, அதனால் நான்தான் கொள்ளி வைத்தேன். வாரிசுச் சான்றிதழுக்காக அப்பாவின் பீரோவில் பழைய காகிதங்களைத் தேடினேன். ஒரு மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்த நீதிமன்ற உத்தரவும் தத்துப் பத்திரமும் கிடைத்தன. பெற்றவர்கள் வேண்டாம் என்று அரசுத் தொட்டிலில் விட்டுப்போகும் குழந்தைகளுக்கான தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த பெண் குழந்தை என்று அதில் இருந்தது. அந்தக் குழந்தை நான்தான். அம்மாவிடம் காட்டினேன். “இதை எதுக்கு எடுத்தே?” என்று கேட்டார், அப்புறம் அழுதார். அதற்குமேல் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா, மாமா, சித்தப்பா என எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம் “அப்படியே அப்பன் மூக்கு” என்பார்கள். அப்பா மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். ராத்திரி அன்றைய செலவை நோட்டில் எழுதாமல் தூக்கம் வராது. இதெல்லாம் பொய்யா? கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரித் தெரிகிறது. பெண் என்பதால்தானே என்னை வேண்டாம் என்றார்கள்? எனக்கு மொட்டை போட்ட குலதெய்வம் என்னுடையதுதானா? கொள்ளி வைத்த அன்று சித்தப்பா “பொம்பளப் புள்ள, அதுவும்...” என்று பாதியில் நிறுத்தியதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. சொத்து எல்லாவற்றையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் போலிருக்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் அப்பாவின் முதல் வருஷத் திதி. அதை நான் செய்யலாமா? நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். மூன்று நான்கு முறை படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ‘நான் யார்’ என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் கடைசியாக வருகிறது. நானும் அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்தக் கண்ணாடி.

பழகிய முகம் திடீரென்று அந்நியமாகத் தெரிவது, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பலருக்கு வருவதுதான். உங்களுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் ஒரு கதையையும் சேர்த்தே பார்த்திருக்கிறீர்கள்: இது அப்பா மூக்கு, இது அந்தக் குடும்பத்து நெற்றி என்று. அந்தக் கதையை ஒரே நாளில் உருவிவிட்டார்கள். மூக்கு மட்டும் தனியாக நிற்கிறது. சில மாதங்களில் இது தானாகத் தணியும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரைப் போய்ப் பார்ப்பதிலும் தயக்கம் வேண்டாம்.

எட்டு மாதத்துக்குள் உங்கள் வீட்டில் இரண்டு சாவு நடந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒன்று அப்பா. இன்னொன்று, நீங்கள் பிறந்த கதை. முதல் சாவுக்கு ஊரே வந்து உட்கார்ந்து அழுதது. இரண்டாவதற்கு யாரும் வரவில்லை. போதாததற்கு, இந்த இரண்டாவது துக்கத்தைப் பற்றி நீங்கள் சண்டை போட வேண்டிய ஆள் அப்பாதான். அவர் இல்லை. இறந்துபோனவர்மேல் கோபப்படுவது பாவம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் போக இடமில்லாமல், நீங்கள் நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு நல்ல நாளிலும் போய் விழுகிறது. கடிதத்தில் அது நன்றாகவே தெரிகிறது. குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்தது போல, அப்பாவோடு நடந்தது, கணக்கு எழுதியது, மொட்டை போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்து இது பொய்யா, இது பொய்யா என்று கேட்டுக்கொண்டே போகிறீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் டான் மக்ஆடம்ஸ் 1980களிலிருந்து இதைப் பற்றித்தான் ஆராய்ந்து வருகிறார். ‘நான்’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, நம்மைப் பற்றி நாமே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, அவ்வப்போது திருத்திக்கொண்டும் வரும் ஒரு கதை என்பது அவர் கருத்து. வாழ்க்கைக் கதை சொல்பவர்களிடம் இரண்டு போக்குகளை அவர் கவனித்தார். கெட்டதில் தொடங்கி அதிலிருந்து ஏதோ ஒன்றை மீட்டெடுப்பது ஒரு போக்கு. நல்லதாகத் தொடங்கியதெல்லாம் பின்னால் நடந்த ஒன்றால் கெட்டுப்போனதாகச் சொல்வது இன்னொன்று. நீங்கள் இப்போது நிற்பது இரண்டாவதில். இந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அங்கேதான் நிற்பார்கள். அதனால் இன்று உங்கள் கதையை நீங்கள் சொல்லும் விதத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சொத்து விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லை உளவியலுக்குத் தந்தவர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் பிறந்தார். அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். குழந்தைக்கு மூன்று வயதானபோது அம்மா, தியோடர் ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரை மணந்துகொண்டார். அவர்தான் உன்னைப் பெற்ற அப்பா என்று சொல்லியே பையனை வளர்த்தார்கள். பையனோ உயரம், பொன்னிற முடி, நீலக் கண். யூதப் பிள்ளைகள் ‘நீ எங்கள் ஆள் மாதிரி இல்லையே’ என்று கேலி செய்தார்கள். ஜெர்மானியப் பள்ளியில் ‘நீ யூதன்’ என்று ஒதுக்கினார்கள். வீட்டில் சொன்னது உண்மை இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தன்னைப் பெற்ற அப்பா யார் என்பது சாகும்வரை அவருக்குத் தெரியவில்லை. மனிதர்கள் தங்கள் அடையாளத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர், உங்களுடைய இதே கேள்வியோடுதான் காலம் முழுக்க இருந்தார்.

1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவர் ஒரு புதுக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன் என்று பொருள். தனக்குத் தானே மகன். இதை மட்டும் சொன்னால் வளர்த்தவரை உதறிவிட்டார் என்று தோன்றும். அவர் அப்படிச் செய்யவில்லை. எரிக் ஹோம்பர்கர் எரிக்சன் என்று வளர்த்தவரின் பெயரை நடுவில் வைத்துக்கொண்டார். எனக்கு அவருடைய எழுத்தைவிட இந்த மூன்று பெயர்களின் வரிசைதான் பல தடவை உதவியிருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் என்முன் உட்கார்ந்து “பெத்தவங்களா, வளர்த்தவங்களா, நான் யாரோட பிள்ளை, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க” என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

எரிக்சன் சொன்னதில் இன்னொன்று உங்களுக்கு நேராகப் பொருந்தும். அடையாளத்துக்கு இரண்டு முனை உண்டு. நேற்று இருந்த ஆள்தான் இன்றும் இருக்கிறேன் என்று உள்ளுக்குள் இருக்கும் உறுதி ஒரு முனை. சுற்றியிருப்பவர்களும் நம்மை அதே ஆளாகத்தான் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை மறுமுனை. பெரிய சேலையை மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்வார் அல்லவா, அந்த மாதிரி. உங்கள் கடிதத்தில் அதிகம் வலிக்கும் வரி, தத்துப் பத்திரம் பற்றியது இல்லை. ‘எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை’ என்பதுதான். எதிர்முனையைப் பிடித்திருந்தவர்கள் கையில் வேறு சேலை இருந்தது என்று இப்போது தெரிகிறது. காயம் அங்கேதான் பட்டிருக்கிறது. அதற்கு உங்களைப் பெற்றவர்களைத் தேடிக் கண்டுபிடித்தாலும் மருந்து கிடைக்காது. மருந்து உங்கள் வீட்டிலேயே, பேசாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம்தான் இருக்கிறது.

அம்மாவிடம் வருமுன் அந்த நடையையும் நோட்டையும் பார்த்துவிடலாம். இவை பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதலுக்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். மூக்கின் வடிவம் ரத்தத்தில் வருவதுதான். அது அப்பாவிடமிருந்து வந்திருக்க முடியாது. சட்டென்று கோபம் வருவது, கூட்டத்தில் இருப்பது பிடிப்பது அல்லது பிடிக்காமல் போவது போன்ற சுபாவத்திலும் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு. உங்களிடம் இருக்கும் சில குணங்கள் நீங்கள் பார்த்தே இராத இரண்டு பேரிடமிருந்து வந்தவை. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நியாயம். ஆனால் கையைப் பின்னால் கட்டி நடப்பது எந்த மரபணுவிலும் இல்லை. அது ஒரு சின்னப் பெண், தெருவில் தனக்கு முன்னால் போகும் ஒருவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து நடந்து வாங்கிக்கொண்டது. அவரும், பின்னால் வருகிறாளா என்று பார்த்து நடையைக் குறைத்திருப்பார். நோட்டும் அப்படித்தான். பிறவியிலேயே வந்திருந்தால் நீங்கள் அதற்காக ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. இது நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

“அப்பன் மூக்கு” என்று சொன்னவர்கள்? அவர்களில் சிலருக்கு விஷயம் தெரியும், தெரிந்தேதான் சொன்னார்கள். சிலர் மூடி மறைக்கச் சொல்லியிருப்பார்கள். சிலர், ‘இந்தக் குழந்தை உங்கள் குழந்தைதான், நாங்கள் ஏற்றுக்கொண்டோம்’ என்பதைச் சொல்ல வேறு வார்த்தை தெரியாமல் மூக்கைப் பிடித்திருப்பார்கள். நம் ஊரில் ஒரு குழந்தையை வரவேற்கும் வார்த்தையே ஜாடை சொல்வதுதானே. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். யார் எதற்காகச் சொன்னார்கள் என்று பிரித்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

குலதெய்வம் பற்றிய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் மக்கள் ‘நீ யார்’ என்று கேட்கும் விதமே ‘உங்க குலதெய்வம் எது’ என்பதுதான். உங்களுக்கு முதல் மொட்டை அப்பாவின் குலதெய்வக் கோயிலில் நடந்திருக்கிறது. பெரும்பாலும் அங்கேயே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காதும் குத்தியிருப்பார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த மாமாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்துதான் மடியில் உட்கார வைத்தார், சீர் செய்தார். அந்தச் சடங்கின் அர்த்தமே ஊர் முன்னால் ‘இது எங்கள் பிள்ளை’ என்று சொல்வது. அப்புறம் உங்களுக்குத் திருமணம் ஆனது. அன்றே உங்கள் குலதெய்வம் மாறியது. உங்கள் பையனுக்கு மொட்டை போட்டது கணவர் வீட்டுக் கோயிலில்தான் இருக்கும். ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு தெய்வம் ஒரே நாளில் உங்கள் தெய்வமானதை யாரும் பொய் என்று சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சடங்கால் ஒருவர் ஒரு குடும்பத்துக்குள் வருவதை நம் பழக்கம் எப்போதும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளை இல்லாத தங்கைக்கு அண்ணன் பிள்ளையைக் கொடுப்பதும், சுவீகாரம் எடுப்பதும் நம் குடும்பங்களில் புதிதா என்ன?

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி வரிகளுக்கு நடுவே இருக்கிறது. சித்தப்பா “அதுவும்...” என்று நிறுத்திய இடத்தில் இருப்பது சாதி. ‘எந்தச் சாதிக் குழந்தையோ’ என்பதுதான் அவர் விழுங்கிய வார்த்தை. இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேச்சு வழக்கு, உங்கள் சமையல் ருசி, யாருக்கு எந்த முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்ற கணக்கு, இவையெல்லாம் பிறப்பிலேயே வருவதாக உங்கள் சித்தப்பா நம்புகிறார். நீங்கள் 31 வருடம் அவர் கண் முன்னால் வளர்ந்தீர்கள். இவற்றில் ஒன்றில்கூட அவரால் உங்களை வேறுபடுத்திப் பார்க்க முடிந்ததில்லை. அவர் நம்பிக்கைக்கு எதிரான சாட்சி நீங்களேதான். அந்தக் கேள்விக்கு விடை தேடி நீங்கள் அலைய வேண்டிய கடமை இல்லை.

உங்கள் பக்கம் மாசி, பங்குனியில் மகாபாரதக் கூத்து நடக்கும். கர்ணனைப் பார்த்திருப்பீர்கள். பிறப்பின் ரகசியத்தைக் கிருஷ்ணன் வந்து சொல்லும்போது பாரதத்தில் கர்ணன் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அவன் தத்துவம் பேசவில்லை. என் மலமூத்திரத்தைத் துடைத்தவள் ராதை, எனக்குப் பெயர் வைத்துச் சடங்கு செய்தவர் அதிரதன், அவர்களை எப்படி விடுவேன் என்கிறான். கணக்கு அவ்வளவுதான் அவனுக்கு. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணனும் சரி, குந்தியும் சரி, அவனுக்குத் தேவைப்பட்டபோது வந்து சொல்லவில்லை. தங்களுக்குத் தேவைப்பட்டபோதுதான் சொன்னார்கள், அதுவும் போருக்கு முன்னால். உண்மையை மறைத்தது ஒரு தப்பு, நேரம் கெட்ட நேரத்தில் அது வெளிவரும்படி விட்டது இன்னொரு தப்பு. உங்கள் பெற்றோரும் இந்த இரண்டாவது தப்பைச் செய்திருக்கிறார்கள். அவர்களை எவ்வளவு நேசித்தாலும் இதைத் தப்பு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது அம்மா. 1990களில் ஒரு தம்பதி தத்தெடுத்தால் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்திமதி ‘குழந்தைக்குத் தெரிய வேண்டாம்’ என்பதுதான். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயமும் இருந்திருக்கும். உங்களைத் தூக்குவதற்கு முன் எத்தனை சீமந்தத்தில், எத்தனை தொட்டில் விசேஷத்தில் அவரை ஓரமாக நிற்க வைத்திருப்பார்கள், எந்தச் சொல்லால் குத்தியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தப் பழைய பெயர் மறுபடி தன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்பதும், நீங்கள் போய்விடுவீர்களோ என்பதும்தான் “இதை எதுக்கு எடுத்தே?” என்ற அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நீங்கள் யாருடைய மகள் என்று கலங்குகிற இதே நேரத்தில், தான் யாருடைய அம்மா என்று அவரும் கலங்கிக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் ‘ஏன் மறைத்தீர்கள்’ என்று தொடங்காதீர்கள். அதை ஒருநாள் கேட்கத்தான் வேண்டும், கேளுங்கள். ஆனால் முதல் கேள்வியாக வேண்டாம். “அம்மா, என்னை முதல் தடவை பார்த்த அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். எந்தப் பேருந்தில் போனார்கள், என்ன புடவை கட்டியிருந்தார், உங்களை யார் கையில் கொடுத்தார்கள், அப்பா முதலில் தூக்கினாரா பயந்தாரா, வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி யார் விழித்திருந்தார்கள். மற்ற குழந்தைகளுக்கு அவர்கள் பிறந்த கதையை அம்மாக்கள் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல ஆள் இல்லாமல் உங்கள் அம்மா 31 வருடம் தனக்குள் வைத்திருந்திருக்கிறார்.

இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். உன் அம்மா அப்பா எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, உன் பெயர் எப்படி வந்தது தெரியுமா, நீ பிறந்தபோது என்ன நடந்தது தெரியுமா என்ற மாதிரி. குடும்பத்தின் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. விவரம் தெரிந்துவிட்டால் மட்டும் இது வருவதில்லை, அந்தக் கதைகளைச் சொல்லியும் கேட்டும் வளர்கிற பழக்கத்தில்தான் பலம் இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். உங்கள் வீட்டில் மற்ற எல்லாக் கதைகளும் இருந்தன, இது ஒன்று மட்டும் இல்லை. இப்போதும் கேட்கலாம்.

அம்மா முதல் தடவை பேசாமல் போகலாம். அழலாம். விடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். பழைய ஆல்பத்தை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு கேட்டால் பலருக்குப் பேச்சு வருகிறது.

இதற்கிடையே உறவினர் யாராவது “எடுத்து வளர்த்தாங்களே, நன்றியோட இரு” என்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். வளர்த்ததற்காகப் பிள்ளை நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்ற எண்ணம், பெற்ற வீட்டிலும் தப்பு, தத்தெடுத்த வீட்டிலும் தப்பு. அவர்களுக்குப் பிள்ளை வேண்டும் என்றுதான் உங்களை எடுத்தார்கள். நீங்கள் அவர்கள் செய்த தர்மம் இல்லை. அன்பு இருக்கிறது, கோபமும் இருக்கிறது என்றால் இரண்டும் இருக்கட்டும். பெற்ற அம்மாவோடு சண்டை போடாத மகள் எந்த வீட்டில் இருக்கிறாள்?

பெண் என்பதால்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை வெளியே தெரிந்தது. பிறகு சேலம், தருமபுரி பக்கமும் அதே கதை என்று தெரிந்தது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. நீங்கள் பிறந்தது அதன் ஆரம்ப வருடங்களில். அதனால் உங்கள் சந்தேகம் உண்மையாக இருக்கலாம். வறுமையாகவும் இருக்கலாம், கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் பயமாகவும் இருக்கலாம், மூன்றாவது நான்காவது பெண்ணாகப் பிறந்திருக்கலாம், ஒரு மாமியாரின் உத்தரவாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும், பச்சைக் குழந்தையை ஒருவர் உயிரோடு தூக்கிக்கொண்டு, யாராவது எடுப்பார்கள் என்று தெரிந்த இடம்வரை வந்திருக்கிறார். அந்தக் காலத்து அந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. இதை வைத்து அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம், பாவியாக்கவும் வேண்டாம். நமக்கு அவ்வளவுதான் தெரியும்.

பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இந்த மாதிரி இழப்பைத் தெளிவில்லாத இழப்பு என்றார். இறந்தவர் என்று அழவும் முடியாது, இருப்பவர் என்று போய்ப் பார்க்கவும் முடியாது. இதற்கு முடிவு என்று ஒன்று கிடைப்பதில்லை என்கிறார் அவர். இருக்கிறாரோ இல்லையோ என்ற நிலையோடேயே வாழப் பழகுவதைத்தான் அவர் தன்னிடம் வருபவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். உங்கள் பிறந்தநாளன்று அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது தப்பில்லை. வளர்த்த அம்மாவுக்கு அது துரோகமும் இல்லை.

தேட வேண்டும் என்று தோன்றினால் சட்டத்தில் வழி இருக்கிறது. 18 வயது முடிந்த தத்துப்பிள்ளை, தன் பிறப்பு மூலத்தைப் பற்றிய தகவலைத் தானே நேரடியாகக் கேட்கலாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையமோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ, தத்துக் கொடுத்த நிறுவனமோ இதற்கு உதவும். உங்களுக்காக இன்னொருவர் போய்க் கேட்க முடியாது. பெற்றவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று விரும்பினால் அதை மதிப்பார்கள். தொட்டிலில் விட்ட குழந்தை என்றால் எந்த நாள், எந்த இடம், எந்த நிலையில் என்ற விவரம் மட்டுமே பதிவேட்டில் இருக்கக்கூடும். ஒரே ஒரு வரியாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியைத் தாங்கும் தெம்பு வந்த பிறகு போங்கள், இந்த நான்கு மாதத்துக்குள் வேண்டாம். தனியாகவும் போகாதீர்கள், கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் மட்டும் இப்போதே ஒன்றைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். அப்பா வழியில் சர்க்கரை உண்டா, மார்பகப் புற்றுநோய் உண்டா என்று கேட்டால் இனி ‘தெரியாது’ என்பதுதான் பதில். ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டுக்கும் மருத்துவத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. 30 வயது தாண்டிய எல்லாருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள். செய்துகொள்ளுங்கள்.

சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின்படி, தத்தான நாளிலிருந்து நீங்கள் எல்லா வகையிலும் இவர்களுடைய பிள்ளை. முறையாக நடந்த தத்தை யாராலும், பெற்றோராலும் உங்களாலும்கூட, ரத்து செய்ய முடியாது. அப்பா உயில் எழுதவில்லை என்றால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு நீங்களும் அம்மாவும் முதல் நிலை வாரிசுகள். அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் சேர்வார். நீங்கள் இருக்கும்போது சித்தப்பாவுக்கு அந்த இடம் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது தத்துப் பத்திரத்தையும் உத்தரவையும் நகலெடுத்துக் கையில் வைத்திருங்கள், அசலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வழக்கறிஞரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றுவது தாராள மனதால் வந்த எண்ணமாக எனக்குப் படவில்லை. ‘எனக்கு இங்கே உரிமை இல்லை’ என்று உங்களை நீங்களே வெளியே தள்ளிக்கொள்வதாகத்தான் தெரிகிறது. இரண்டு வருடம் கழித்து, தெளிந்த மனதோடு கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள்.

பையனிடம் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ரகசியம் இன்னொரு தலைமுறைக்குப் போகக் கூடாது. அம்மாவோடு பேசி முடித்த பிறகு, அவன் வயதுக்கு ஏற்றபடி, “நான் ஆத்தா வயித்துல பிறக்கலை. வேற ஒருத்தங்க வயித்துல பிறந்தேன். ஆத்தாவும் தாத்தாவும் போய் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க” என்று கதைபோலச் சொல்லிவிடுங்கள். நாலரை வயதில் அவனுக்கு அது ஆச்சரியமான கதை, அவ்வளவுதான். அடுத்த நிமிடம் வேறு ஏதாவது கேட்பான். மாமியாருக்கும் அலுவலகத்துக்கும் சொல்வது உங்கள் விருப்பம். உங்கள் கதையை யாரிடம் எப்போது சொல்வது என்பதை இனிமேல் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தனை நாள் அது உங்கள் கையில் இல்லை.

நான் யார் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் எழுதித் தரும் பதில் உங்களுக்குப் போதாது. என்னிடம் வருபவர்களிடம் நான் பார்த்தது இதுதான். முதல் சில மாதங்கள் பழைய ‘நான்’ முழுக்கப் பொய்யாகத் தெரிகிறது. அப்புறம் கொஞ்ச காலம் புதிதாகத் தெரிந்த செய்திதான் ‘உண்மையான நான்’ என்று தோன்றுகிறது. பெயரை மாற்றலாமா, வீட்டை விட்டுப் போகலாமா என்றெல்லாம் யோசிக்கிறார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் பலரும் இரண்டையும் சேர்த்து ஒரே கதையாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். சொல்லும்போது குரல் நடுங்குவது மெல்லக் குறைகிறது. ஐம்பது வயதில், சித்தி என்று கூப்பிட்டவர்தான் தன்னைப் பெற்றவர் என்று தெரிந்துகொண்ட ஒருவர், மூன்று வருடம் கழித்து வந்து, “இப்பவும் சித்தின்னுதான் கூப்பிடறேன், ஆனா அந்தச் சொல்லுக்குள்ள இப்ப இன்னும் ஒருத்தங்க இருக்காங்க” என்றார்.

கடைசியாக, திதி. நீங்கள் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். அன்று கொள்ளி வைத்தபோது உங்களுக்கு இந்தச் செய்தி தெரியாது. மகள் என்பதால் வைத்தீர்கள். அந்த இடத்தில் நின்றிருந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ‘என் மகள் வைப்பாள்’ என்று விட்டார். உங்களுக்கு மனம் இருந்தால் நீங்களே செய்யுங்கள். கோபம் இன்னும் ஆறவில்லை, எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கை வரவில்லை என்றால், கணவரை முன்னால் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அதுவும் போதும். அதற்குள் அம்மாவோடு பேசியிருந்தால் நல்லது. அன்று சித்தப்பா மறுபடி ஏதாவது தொடங்கினால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பதிலை அம்மா சொல்லட்டும். பேசுவாரா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆல்பத்தில் காதுகுத்துப் படம் கிடைத்தால் அதில் அப்பா எங்கே நிற்கிறார், கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திதி முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்